விசில்காரரின் நாலு வரி

கையை மூன்று முறை துடைத்த பிறகுதான் கைபேசியைத் தொடுவார். முதலில் துண்டில், பிறகு சட்டையில், கடைசியாக, எதற்கும் இருக்கட்டும் என்று, காற்றில் இரண்டு உதறு. நீச்சல்குளத்தில் பதினெட்டு வருடமாகக் காவல் இருப்பவருக்கு ஈரத்தின் மேல் அவ்வளவு சந்தேகம்.

பகல் ஒன்று முதல் இரண்டு வரை குளம் மூடியிருக்கும். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் தண்ணீரில் பட்டுச் சுவரெல்லாம் அசைந்துகொண்டிருக்கும். பேசினால் பேச்சே மெல்ல மிதந்து திரும்பி வரும். அந்த ஒரு மணி நேரம்தான், உயர நாற்காலியின் ஏணியடியில் உட்கார்ந்து, அவர் சமூக வலைத்தளம் கற்றுக்கொள்ளும் நேரம்.

நீந்த வரும் எங்களுக்கு அவர் விசில்காரர். யாராவது முங்கினால் விசில் உதட்டுக்குப் போய்விடும். தலை வெளியே வரும்வரை ஊதாமல் பிடித்திருப்பார். அதுவரை மூச்சும் விடமாட்டார் என்று நினைக்கிறேன். என் நீச்சல் லட்சணத்துக்கு அந்த விசில் உதட்டை விட்டு இறங்குவதே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் டிக்கெட் கொடுக்கும் அக்கா அவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். மீதியெல்லாம் சொந்த முயற்சி. லைக் போடுவதில் பாரபட்சமே கிடையாது. "ஒருத்தருக்குப் போட்டு இன்னொருத்தருக்குப் போடலைன்னா மனஸ்தாபம் வந்துடும், சார்." யாரோ கால் உடைந்து படுத்திருந்த படத்துக்கும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, மறுநாள் அதைத் திரும்ப எடுக்கக் கற்றுக்கொண்டார். 'உங்கள் மனதில் என்ன?' என்று தளம் கேட்பதை அவர் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லையாம். தினமும் ஒற்றை விரலால் நாலு வரி எழுதுவார்.

அந்த நாலு வரி யாருக்கு என்பது எனக்குத் தெரியும். அவருடைய தங்கைக்கு. ஆறு வருடத்துக்கு முன் அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொன்னவர் இவர்தான். சொன்ன வாயை இவரே இன்னும் மன்னிக்கவில்லை. கணக்குத் தொடங்கிய அன்றே அவளுக்கு நட்பு அழைப்பு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டாள். அதன்பிறகு அவளிடமிருந்து ஒரு லைக் கூட இல்லை. படிக்கிறாள், கோபம் ஆறவில்லை, அவ்வளவுதான் என்பார்.

நேராக அவளுக்கே எழுதலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"நேரா எழுதினா அவ பதில் சொல்லியே ஆகணும். தண்ணியைப் பார்த்துப் பயந்தவங்களைக் கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, சார். பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா போதும், அவங்களே வருவாங்க."

நேற்று என்னையும் நண்பராகச் சேர்த்தார். வீட்டுக்குப் போனதும் அவர் பக்கத்தைத் திறந்தேன். விசிலோடு ஒரு படம். கீழே ஒன்றுமே இல்லை. இன்று மதியம், குளம் மூடியிருக்கும்போதே உள்ளே போய், அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டிப் பூட்டு. யார் பார்க்கலாம் என்று முதல்நாளே தளம் கேட்டிருக்கிறது. லாக்கர் சாவிகளோடு காலம் தள்ளியவர், பூட்டுப் படம் போட்டதுதான் பத்திரம் என்று அமுக்கிவிட்டார். எட்டு மாதமாக அவர் எழுதியதை அவர் ஒருவர்தான் படித்திருக்கிறார்.

சொல்வதா வேண்டாமா என்று பதிவுகளை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எட்டு மாசமா பேசாம இருந்தது அவ இல்லை, நான்தானா?"

பூட்டை எடுக்கும் இடத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. அவளுக்கு மூச்சு முட்டும் என்றார். பின்னால் தள்ளித் தள்ளி முதல்நாள் எழுதியதற்குப் போனார்.

'தண்ணி இன்னைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கு. நீ முதல்தடவை மிதந்தப்போ, அண்ணா விட்டுடாதேன்னு கத்தினியே. அப்போ விடலை. அப்புறம் விட்டுட்டேன்.'

கையை மறுபடியும் துண்டில் துடைத்தார், சட்டையில் துடைத்தார், உதறினார். அந்த ஒரு பதிவின் பூட்டை மட்டும் எடுத்தார். கைபேசியை மடித்த துண்டின் மேல், திரை தெரியும்படி வைத்தார். கதவு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. குளத்தில் யாரும் இல்லை. அவர் திரையைப் பார்த்தபடியே விசிலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.