காக்கைக்கு வைத்த சோறு

மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில், புறாத் தொல்லையைக் காரணம் காட்டி, ஜன்னலில் சோறு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் போனதிலிருந்து காக்கைக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதில்லை. அதனால் காலை நடைக்குப் போகும்போது டப்பாவில் சோறு கொண்டுபோய், சதுப்பு நிலத்தின் கரையில் வைக்க ஆரம்பித்தேன்.

இந்தக் கோடையில் அங்கே ஒரு சேற்றுத் திட்டில் ஒரு ஜோடி நெடுங்கால் உள்ளான் பறவை அடைகாத்தது. குச்சி போன்ற சிவந்த கால்களை மடக்கி அது முட்டைமேல் உட்காரும் அழகைப் பார்க்கவே நானும் எதிர்வீட்டு ஸ்டெல்லாவும் தினமும் நின்றுவிடுவோம்.

ஒரு நாள் சோற்றை வைத்து, "கா கா" என்றேன். காத்திருந்த கூட்டம் மொத்தமும் இறங்கியது. சோறு தீர்ந்ததும் அப்படியே திட்டுக்குப் பறந்தது. உள்ளான்கள் இரண்டும் கத்திக் கத்திப் பாய்ந்தன. நான் எறிந்த கல் பாதித் தூரம்கூடப் போகவில்லை. ஒரு காக்கை முட்டையைக் கவ்விக்கொண்டு என் தலைக்கு மேலேயே போனது.

"யக்கா, முன்னெல்லாம் இங்க இவ்ளோ காக்கா கெடையாதே" என்றாள் ஸ்டெல்லா. சொன்ன பிறகுதான் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

இப்போது காக்கைக்கு வைக்காமலே சாப்பிடுகிறேன். வெறுங்கையோடு போனாலும் காக்கைகள் என்னை அடையாளம் கண்டு, கரை நெடுகக் கூடவே வந்தன. அதனால் நடையையும் நிறுத்திவிட்டேன்.

அந்த ஜோடி மறுபடி முட்டையிட்டிருக்கிறதாம். ஸ்டெல்லா வந்து சொன்னாள். நான் பார்க்கப் போகவில்லை.