அற்புதம் சோதித்த ஜெனரேட்டர்

2023 நவம்பர் பதினொன்று, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. மலைமேல் நாகலூரில் அம்மாவுடன் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவன் என்று சொல்லிக்கொள்ள நான் வாசலில் நின்றபோது, அற்புதம் தம் கணவருக்கு ஆக்சிஜன் தரும் மின்கருவியின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் பேசாதீங்க சார், எண்ணிக்கிட்டிருக்கேன்."

குழாயைக் கழற்றிக் கட்டிலருகே நின்ற சிறிய சிலிண்டரில் பொருத்தினார், திருகைத் திறந்தார். "பத்தொம்போது செகண்டு. போன வாரம் இருவத்தி நாலு."

சனிக்கிழமைதோறும் மின்வெட்டுக்கு இந்த ஒத்திகை. கணவர் ஆரோக்கியதாஸ் முப்பதாண்டு ஜீப் ஓட்டியவர். நுரையீரல் கெட்டுக் கட்டிலில் இருக்கிறார். சில்வர் ஓக் மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தால் மின்சாரம் திரும்ப ஆறு மணி நேரமும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். சிலிண்டர் தாங்குவது மூன்று மணி நேரம். ஆகவே ஜெனரேட்டர் வாங்குவதென்று அற்புதம் முடிவு செய்திருந்தார்.

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை தரம் பிரிக்கும் பெண்களுக்கு அவர் மேற்பார்வையாளர். வயது ஐம்பத்து மூன்று. கண்ணால் காணாத எதையும் நம்பமாட்டார். தீப்பெட்டி வாங்கினால் ஒரு குச்சியைக் கடைவாசலிலேயே உரசிப் பார்த்த பிறகுதான் சில்லறை எடுப்பார்.

கருவியின் முதுகில் எழுதியிருந்த வாட் அளவைக் குறித்து வந்து என்னிடம் கணக்குக் கேட்டார். கருவிக்கு நானூறு, இரண்டு விளக்குகளுக்கு இருபது என்று கூட்டி, ஒரு கிலோவாட் இயந்திரம் தாராளம் என்று எழுதிக் கொடுத்தேன். கேட்காமலே கீழே கையொப்பமும் இட்டேன்.

சேலத்துக் கடைக்காரர் கருப்பண்ணனும் அதையே சொல்லி, நான்கு பல்புகளை எரியவிட்டுக் காட்டினார். அற்புதம் அசையவில்லை.

"இங்க ஓடுறது இருக்கட்டுங்க. இருவது கொண்டை ஊசியும் ஏறி எங்கூட்டு வாசல்ல வந்து ஓடோணும். கீழ நல்லா இழுக்குற ஜீப்பு மேல வந்தா திணறும்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. இதுவும் எஞ்சின்தானுங்களே?"

அடுத்த வாரம் அந்த ஒரு கிலோவாட் இயந்திரம் சோதனைக்கு வந்தது. தூறலுக்குப் பயந்து வராந்தாவில் இறக்கப் பார்த்தார் கருப்பண்ணன். "பொகை உள்ள வந்தா அப்புறம் மிஷினு எதுக்குங்க?" என்று, முற்றத்தின் கோடியில் தகரம் வேய்ந்த இடத்துக்கு அனுப்பினார் அற்புதம். கணவரைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டுக் கருவியை ஜெனரேட்டரில் இணைத்தார். எஞ்சின் உறுமிற்று, தணிந்தது, விளக்கு மங்கியது, கருவி கீச்சிட்டு நின்றது. மூன்று முறையும் அப்படியே.

"புது மிஷினுங்கக்கா. ரெண்டு நாள் ஓடுச்சுன்னா பழகிக்கும்."

"அந்த ரெண்டு நாளும் இவரு மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கறதுங்களா?"

கட்டிலிலிருந்து ஆரோக்கியதாஸ் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, நான் வேணா மூச்சுக்கு ரெண்டு நாள் லீவு லெட்டர் எழுதித் தரட்டுங்களா?"

கருப்பண்ணன் சிரித்துவிட்டார். மறுவாரம் மூன்று கிலோவாட் இயந்திரம் ஏறி வந்தது. முதல் இழுப்பிலேயே கருவியை ஓட்டியது. மலைமேல் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் திறன் குறையும். கருவி ஓடத் தொடங்கும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் கேட்கும். இவ்விரண்டும் என் கணக்கில் இல்லை. அதை நம்பியிருந்தால் ஆரோக்கியதாஸின் நிலை என்ன என்பதை நான் அறிவேன்; அற்புதமும் அறிவார்.

டிசம்பரில் ஒரு காற்றுமழைக்குப் பின் மின்சாரம் போய் ஆறாவது மணி. முற்றத்துக் கோடியில் இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது; சன்னலுக்குள் ஆரோக்கியதாஸ் குழாயுடன் சாய்ந்து உறங்கினார். வேலியருகே நின்ற அற்புதத்திடம் போய், நான் கையொப்பமிட்டுத் தந்த கணக்குத் தாளைப் பற்றி நானே பேச வாயெடுத்தேன். அன்றுவரை ஒரு வார்த்தை கேட்டவரில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. அந்தக் கடன் என்னிடமே இருக்கிறது.

"உங்கம்மாவோட இன்சுலின் நொம்ப நேரமா கூலிங் இல்லாம கெடக்குமுங்க சார். ஃப்ரிட்ஜ மட்டும் போடுங்க, தண்ணி மோட்டாரு வேண்டாம்" என்று சொல்லி, ஜெனரேட்டரிலிருந்து இழுத்து வந்த ஒயரின் முனையை முந்தானையால் துடைத்து, வேலிக்கு மேலாக நீட்டினார்.