பால்கனி சிங்க்

வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற வெங்கடசுப்ரமணியனுக்கு, பிளம்பரைக் கூப்பிடுவதென்றால் கௌரவக் குறைச்சல். கொல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில் குழாய் ஒழுகினாலும் பைப் அடைத்தாலும் அவர்தான்.

பால்கனியில் இரண்டாவது சிங்க்கை மாட்டியதும் அவரே. மருமகள் நந்திதா வங்காளிப் பெண்; மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. "என் சமையலறையில மீன் கழுவப்படாது" என்று மனைவி ஜகதாம்பாள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நந்திதா பால்கனியில் பாடிக்கொண்டே இலிஷ் மீனைக் கழுவுவாள். ஜகதாம்பாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துவாள். பாட்டு கேட்கிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் சாத்துவாள்.

போன வருஷம் மகனுக்குப் புனேவுக்கு மாற்றலாகி, இருவரும் கிளம்பிவிட்டார்கள். இப்போது சமையலறை சிங்க் ஓட்டையாகிவிட்டது.

"பால்கனியில ஒண்ணு சும்மாதானே கிடக்கு? நன்னாத் தேய்ச்சு இங்கே மாட்டிடறேன்" என்றார் ஜகதாம்பாளிடம்.

அவர் ஸ்பேனரோடு குனிந்து அடிப் பைப்பைக் கழற்றினார். அழுக்குத் தண்ணீரோடு நாலைந்து மீன் செதில்கள் தரையில் விழுந்து வெள்ளியாக மின்னின. பின்னால் ஜகதாம்பாள் நின்றிருந்தாள். போச்சு, இன்றைக்கு வீட்டையே கழுவிவிடச் சொல்வாள் என்று நினைத்தார்.

அவள் குனிந்து ஒரு செதிலை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"துர்கா பூஜைக்கு வராளே, மீனை எங்கே கழுவுவா? இதை இங்கேயே மாட்டுங்கோ. உள்ளுக்குப் புதுசு வாங்கிக்கலாம்."

உள்ளே போனவள், பழையபடி கொஞ்சம் இடைவெளி விட்டுக் கதவைச் சாத்தினாள்.