இரண்டு மில்லி வித்தியாசம்

தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதில் இருபத்தெட்டு வருஷம் பழகியவர் அண்ணன். அவர் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். கூட வேலை செய்கிறவர்கள், மட்டம் பார்க்கும் கருவியின் பேரால், அவருக்கு ரசமட்டம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்குப் பெருமைதான். அதைவிடப் பெரிய பெருமை தங்கை.

தங்கை ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் பதினாறு வருஷமாக இருந்தாள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த மேடைக்கு வரும் என்பதைப் புத்தகம் திறக்காமலே சொல்லுவாள். ஆனால் அப்பாவின் ஜாடை. இமைத்தோல் மடிந்து தொங்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் கவுண்டர்க் கண்ணாடியைத் தட்டி எழுப்புவார்கள். விசாரணைப் பெண் தூங்குகிறாள் என்று ஒருவர் புகார்ப் புத்தகத்திலேயே எழுதிவிட்டுப் போனார். மேல் மாடி அறையில் உட்காரும் கண்காணிப்பாளர் வேலைக்கான நேர்காணலில் இரண்டு தடவை அவளைக் கழித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும் என்று அறிவுரை வேறு.

மூன்றாவது நேர்காணலை ஒரு திங்கட்கிழமைக்கு வைத்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் அவள் இமையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். பார்வையில் குறையில்லை, இது தோற்றத்துக்காகச் செய்வதுதான் என்றார் டாக்டர்.

"அந்தத் தோற்றத்துக்காகத்தானே டாக்டர் என்னைக் கழிச்சாங்க" என்றாள் தங்கை.

அண்ணன் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் டாக்டர் கொடுத்த தாளை மூன்று முறை படித்து, எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டினார். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம், குளிர்ந்த துணி. படுக்கும்போது இரண்டு தலையணை. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது. களிம்பு போட்டதும் கொஞ்ச நேரம் எல்லாம் பனிமூட்டமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். கடும் வலி வந்தாலோ பார்வை திடீரென்று குறைந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்தக் கடைசி வரிக்கு மட்டும் சிவப்பில் கோடு போட்டு, ஆட்டோக்காரரின் நம்பரைப் பக்கத்தில் எழுதிவைத்தார்.

இரண்டாம் நாள் காலையில் இமை இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. கன்னம் வரைக்கும் கத்தரிக்காய் நிறம் இறங்கியிருந்தது. அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"யாராவது கேட்டா உண்மையச் சொல்லிடு தாயே. நாத்தனார அடிச்சவன்னு எனக்குப் பேர் வந்துடும்."

தங்கை சிரித்தாள். சிரித்தால் தையல் இழுத்தது. அதற்கு அண்ணி திட்டு வாங்கினாள்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிய ஆரம்பித்தபோதுதான் அண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தார். இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருப்பதாக அவருக்குப் பட்டது. பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணில் படாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்து, கண் திறந்திருக்கும் உயரத்தை அளந்தார். வலது எட்டு மில்லி, இடது ஆறு. நோட்டில் குறித்தார். அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அளவு. வேலை நடக்கும் இடத்தில் சொல்வதுபோல உரக்கச் சொல்லியே எழுதினார். வித்தியாசம் ஒரு நாள் மூன்று, ஒரு நாள் ஒன்று, மறுபடி இரண்டு.

முதலில் கேலி செய்த தங்கை, ஆறாம் நாள் முகம்பார்க்கும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஏழாம் நாள் தையல் பிரித்த டாக்டர், ஒரு பக்கம் வீக்கம் மெதுவாக வடிவது சகஜம், சரியான வடிவம் தெரியச் சில மாதம் ஆகும் என்று சொல்லி, நோட்டை மூடி அண்ணன் கையில் கொடுத்தார். தங்கை காதில் அது ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"திங்கட்கிழமை நான் போகல. அப்போ தூங்குமூஞ்சி, இப்போ கோணமூஞ்சி. இதுக்கு அதுவே பரவால்ல."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. புதிதாக ஒட்டிய தரையில் ஈரம் காய்வதற்குள் கால் வைத்த எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் அவர் சண்டை போட்டிருக்கிறார். இங்கே காயும் முன்பே தினமும் ஏறி மிதித்தது அவரேதான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. ஸ்கேலை எடுத்துவந்து தங்கையிடம் நீட்டினார்.

"என் கண்ண அள."

அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். வலது ஒன்பது, இடது ஏழு.

"அண்ணா, இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா மட்டம் பாத்த?"

"ஒருத்தனும் தரை கோணைன்னு சொல்லலையே."

அண்ணியையும் பிடித்து உட்காரவைத்து அளந்தார்கள். அவளுக்கும் ஒரு மில்லி வித்தியாசம். நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னால் இந்த ஸ்கேல் இவர் கையில் இல்லை என்றாள் அண்ணி. தங்கை சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தப்பு என்னுது. நான் அளந்திருக்கக் கூடாது. நீ போ."

திங்கட்கிழமை அவள் போனாள். கன்னத்தில் மஞ்சள் கறை மிச்சம் இருந்தது. இரண்டு வாரத்துக்குக் கண்ணைச் சுற்றி மை, பவுடர் எதுவும் கூடாது என்பதால் மறைக்கவும் வழியில்லை. கறுப்புக் கண்ணாடியை வாசலில் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், வீக்கம் வடிய நாளாகும், வண்டி நேரம் கேட்டா இப்பவே சொல்றேன்னேன்."

"அப்புறம்?"

"மூணு பேர்ல ரெண்டு பேர் டாக்டர் நம்பர் வாங்கிக்கிட்டாங்க."

"மூணாவது ஆளு?"

"அவருக்கு மட்டும்தான் வண்டி நேரம் கேக்கத் தோணிச்சு. ஒண்ணு விடாம சொன்னேன். ஒண்ணாந்தேதியிலேருந்து மேல் மாடில வந்து உக்காரச் சொல்லிட்டாரு."