பூதத்தின் வலது கை

பெருங்காய வாசனை நூலகத்துக்குள் வந்துவிட்டால் நான் ஜன்னல் பக்கம் போய் அண்ணாந்து பார்ப்பேன். எதிர்க் கோபுரத்தின் மூன்றாம் நிலையிலோ நான்காம் நிலையிலோ இருசப்பன் தொங்கிக்கொண்டிருப்பார். இடுப்பில் கயிறு, மடியில் கட்டிப் பெருங்காயப் பொட்டலம், கையில் காம்பு ஒடிந்த ஒரு தோசைத் திருப்பி. சுதைச் சிற்பங்களின் அக்குளிலும் கழுத்திடுக்கிலும் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை அந்தத் திருப்பியால் நெம்பி வேரோடு எடுப்பார். குழியில் பெருங்காயத்தை வைத்து அடைத்து, சுண்ணாம்பால் மூடிவிட்டு அடுத்த செடிக்கு நகர்வார். பெருங்காயம் வைத்தால் வேர் மறுபடி தலைதூக்காது என்பது அவர் கணக்கு.

திருக்கோவிலூரில் கோபுரங்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய கோபுரங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வேன் வேனாக வருகிறார்கள். நான் சொல்வது எங்கள் கிளை நூலகத்துக்கு எதிரே ஐந்து நிலையோடு நிற்கும் சின்னக் கோபுரம். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. இருசப்பன் வராமல் இருந்திருந்தால் நானும் குனிந்த தலை நிமிராமல் புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டே ரிட்டையர் ஆகியிருப்பேன். அந்த மனுஷனுக்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

அவருக்குத் தொழில் கரும்பு வெட்டுவது. கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், கோமுகி ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர். வெட்டுகிற கரும்பெல்லாம் அடுத்தவர் நிலத்துக் கரும்பு. மழை ஓய்ந்து வெட்டு தொடங்குவதற்கு முன் பத்து நாள் கிடைக்கும்; கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி இங்கே வந்துவிடுவார். ஐந்தாம் நிலைக்குப் போனதும் மேற்கே பார்த்துவிட்டு, "எங்க மலை தெரியுதுங்க" என்று கீழே சத்தம் கொடுப்பார். கல்வராயன் மலை அங்கிருந்து தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஏறிப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லாததால் தெரிகிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

மேலே இருக்கும் எந்தச் சிற்பத்தின் மேலும் கேட்காமல் கால் வைக்க மாட்டார். "கொஞ்சம் ஒத்திக்கப்பா, காலு வச்சிக்கறேன்" என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. கதாயுதம் பிடித்து முறைக்கும் மீசைக்காரத் துவாரபாலகர் 'ஏட்டையா'. வீணை வைத்திருக்கும் அம்மாள் 'பாட்டு டீச்சர்'. என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். நான் நூலகர், டீச்சர் இல்லை என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "பொஸ்தகத்த வச்சிக்கினு சத்தம் போடாதன்னு சொல்றவங்க வேற யாருங்க?" என்று கேட்கிறார்.

இரண்டாம் நிலையின் தெற்கு மூலையில் ஒரு பூதம் இருந்தது. குண்டு வயிறு, பிதுங்கிய கண். மேல் நிலையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தாங்கி நிற்க வேண்டிய பூதம். அதற்கு வலது கை முழங்கையோடு போய்விட்டது. அதற்கு மட்டும் இருசப்பன் பெயர் வைக்கவில்லை. வந்த அன்று அதன் மொண்ணைக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே மேலே ஏறுவார்.

இன்னொரு வழக்கமும் எனக்குப் புரியாமல் இருந்தது. அந்தப் பூதத்துக்கு நேர் கீழே, தரையில், பூ விற்கும் ஆண்டாள் கூடையோடு உட்கார்ந்திருப்பார். வருஷம் தவறாமல் இருசப்பன் அவருக்கு ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவந்து போடுவார். பொங்கல் கரும்புகூட இல்லை, ஆலைக் கரும்பு. "இத்தக் கடிச்சா இருக்கற நாலு பல்லும் பூடும். எதுக்குடா தம்பி எனக்கு?" என்று ஆண்டாள் கேட்பார். "சும்மா வச்சிக்கக்கா" என்பதோடு சரி. ஆண்டாள் அதைப் பக்கத்துச் சாறுக் கடைக்குக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் வாங்கி வருவார்.

இந்த வருஷம் கோபுரத்துக்குத் திருப்பணி. சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டியாகிவிட்டது. சிற்பங்களைச் சீர்செய்ய ஸ்தபதி தீனதயாளன் ஆட்களோடு வந்திறங்கினார். மறுநாள் காலை பூதத்துக்குப் புதுக் கை வைப்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் இருசப்பன் அரிசிச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குள் வந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் போகும்வரை காத்திருந்து, சாக்கை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். பழைய வேட்டியில் சுற்றி, பூதத்தின் வலது கை. ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

"கரும்பத் தரையோட தரையாச் சீவணும் டீச்சர். அப்பத்தான் அடிக்கட்டைலேர்ந்து மறுதாம்பு நல்லாக் கெளம்பும். சின்ன வயசுலேர்ந்து அதான் கைப் பழக்கம். மொத வருசம் இங்க வந்தப்பவும் அரசங்கன்ன அப்படியே சீவி வுட்டுட்டேன். சுத்தமா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அடுத்த வருசம் வந்து பாக்கறேன், ஒண்ணு நாலாக் கெளம்பிக்கினு நிக்குது. பூதத்துக்குத் தோளுலேர்ந்து முழங்கை வரிக்கும் வெடிச்சிப் போச்சி. கயித்தக்கூட நான் இன்னும் கட்டல, என் கண்ணு முன்னாடி கை வுழுந்துச்சுங்க. ஆண்டாளக்கா கொடத்த எடுத்துக்கினு தண்ணி புடிக்கப் போயிருந்துச்சு. அது குந்தியிருக்கற எடத்துலயே வுழுந்துச்சு."

குரங்கு தள்ளிவிட்டது என்று ஊரே பேசியது எனக்கும் நினைவிருக்கிறது. உடைசலை அள்ளி ஆற்றோரம் கொட்டச் சொன்னார்களாம். இவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாரே என்று இரண்டு வார்த்தை கேட்கவும் செய்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வேட்டியில் அந்தக் கையைச் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்த பிறகு, அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"சொன்னா இனிமே என்ன மேல ஏத்த மாட்டாங்க. அதான் சொல்லல" என்றார். "ஆனா தாய் வேரு இன்னும் தோளுக்குள்ளதான் இருக்குது. வருசா வருசம் தழையத்தான் என்னால கிள்ள முடியுது. தோள ஒடைச்சாத்தான் வேர எடுக்கலாம். அதத் தெரியாம மேலயே பூசி வச்சாங்கன்னா, புதுக் கையும் ஒரு நாளிக்கி வுழும். அக்கா அப்பவும் தண்ணிக்குப் போயிருக்குமா, சொல்லுங்க."

இதைச் சொல்லி முடித்ததும் எழுந்து நேராக ஸ்தபதியிடம் போனார். சாக்கைத் தூக்க நானும் கூடப் போனேன், தூக்கத்தான் அவர் விடவில்லை. தீனதயாளன் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த முனையில் மயிர் போலக் காய்ந்த சல்லி வேர்கள் இன்னும் ஒட்டியிருந்தன. "தாய் வேர் எந்தப் பக்கம் ஓடுது?" என்று மட்டும் கேட்டார். "முதுகுப் பக்கமுங்க. ஒரு முழம் உள்ள போயி கீழ திரும்புது" என்றார் இருசப்பன். ஸ்தபதி கையை மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல நீங்களே வந்து எடுத்துக் கொடுங்க" என்றார்.

ஆண்டாளிடம் சொல்வதுதான் இருசப்பனுக்குச் சிரமமாக இருந்தது. நின்றுகொண்டே சொன்னார். ஆண்டாள் தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "அப்ப நான் உசுரோட இருக்கறதுக்குத்தான் வருசா வருசம் கரும்பு போட்டியா?" என்றார். இருசப்பன் தலையாட்டினார். ஆண்டாள் ஒன்றும் திட்டவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து எங்கள் நூலகப் படியில் உட்கார்ந்துவிட்டார். அதைத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருசப்பன் எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை தோளை உடைத்து வேரை எடுத்தார்கள். கட்டைவிரல் பருமன், நீளம் என் கைக்கு மேல். அது கடைசி நுனிவரை அறாமல் வரும்வரை இருசப்பன் தோசைத் திருப்பியைக் கீழே வைக்கவில்லை. குழியில் பெருங்காயத்தை அவர் அடைத்த அளவைப் பார்த்து ஸ்தபதியின் ஆட்கள், தெருவுக்கே சாம்பார் வைக்கலாம் என்று சிரித்தார்கள். வேர் துளைத்த முன்கையைக் கம்பி வைத்துப் புதிதாகக் கட்டினார் தீனதயாளன். உள்ளங்கை பழசே போதும், விரல் ஒன்றுகூட மூளியாகவில்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நான் ஜன்னலடியில் நின்று அழுதேன். ஒரு சுண்ணாம்புக் கைக்காக அழுவேன் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

உள்ளங்கையைப் பொருத்தியபோது மணி ஒன்று. சாந்து இறுகும்வரை முட்டுக் கொடுக்கக் கம்பு வேண்டும்; அளவாக அறுத்து எடுத்து வர ஒருவர் போயிருந்தார். "நீங்க போயி சாப்புட்டு வாங்க ஐயா. நான் புடிச்சிக்கினு இருக்கறேன்" என்றார் இருசப்பன். எல்லோரும் இறங்கினார்கள். சாரத்தின் பலகையில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அந்த உள்ளங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் பூதமும் அதே மாதிரி நின்றது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது; துடைக்கக் கை இல்லை.

அன்றும் எங்கள் படியிலேயே உட்கார்ந்திருந்த ஆண்டாள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். வேலைக்காக அன்று காலை கோபுரத்தடியில் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். பூதத்துக்கு நேர் கீழே, பழைய இடத்தில், ஒரு தரம்கூட மேலே பார்க்காமல் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சரத்தைத் தொடுக்கத் தொடங்கினார்.