கதீஜா முடிந்து வைத்த ரூபாய்

தைத்த சட்டை கழுத்தைப் பிடித்தால் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் அதற்கு வழியில்லை. எண்பதுகளில் செம்பூரில் ஒரு பட்டறையில் இருந்தேன். கடையில் கிடைக்கும் செயற்கை இடுப்பு மூட்டு பொருந்தாதவர்களுக்குத் தனியாக அளவெடுத்து எஃகில் செய்து கொடுப்போம். அளவு தப்பி முழித்த அனுபவமுள்ள அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமியின் ஆர்டர்

மாதுங்காவில் பக்கத்து வீட்டு மாமிக்கு என் வேலையை விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது. சிலருக்குப் பிறவியிலேயே இடுப்புக் குழி ஆழமில்லாமல், தொடையெலும்பின் உள்துளையும் குறுகலாக இருக்கும்; அதற்குள் இறங்குகிற மாதிரி ஒல்லியாகத் தண்டு கடைந்து தருகிறோம் என்றேன். மாமி யோசித்தார். "நேக்கு சாதா சைஸே போறும். ஒண்ணு எடுத்து வச்சுடுங்கோ, வயசாறதோல்லியோ!"

நாலு பட்டைச் செருப்பு

தாராவியில் தோல் பை தைக்கும் மைதீன் பாய், மனைவி கதீஜாவின் எக்ஸ்ரேயோடு வந்தார். கூடவே அந்தம்மாவின் இடது செருப்பு. பிறவியிலிருந்தே அந்தக் கால் குட்டை. கல்யாணமான நாளிலிருந்து பாய்தான் செருப்புக்கு அடியில் தோல் பட்டை ஒட்டிக் கொடுக்கிறார். இப்போது நாலு பட்டை. அப்படியும் வலி தாங்காமல், பத்தடி நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறதாம்.

எக்ஸ்ரேயில் எலும்பு நிஜத்தைவிடப் பெரிதாக விழும். அதனால் படம் எடுக்கும்போது தொடை ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிவிடுவார்கள். காசு எவ்வளவு பெருத்திருக்கிறதோ, அதே விகிதத்தில் எலும்பும் பெருத்திருக்கும். என் சட்டைப்பையிலிருந்த ரூபாயைப் படத்தின்மேல் வைத்துக் காட்டினேன். பாய்க்குச் சட்டென்று புரிந்தது. அவர் கவலை வேறு. "தடிச்சிட்டா சீவிருவிய சார், ஒல்லியாப் போச்சுன்னா என்ன செய்விய?"

பச்சைத் துணி

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, உடம்புக்குள் போகப்போவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று கதீஜாவே பாயுடன் ஆட்டோவில் வந்துவிட்டார். மெருகேற்றிய தண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு பச்சைத் துணி முடிச்சை அவிழ்த்தார். படம் எடுக்கும்போது தொடையில் ஒட்டிய காசு அதில் இருந்தது. அவருடைய காசுதான், நாகூருக்கு நேர்ந்துகொண்டு முடிந்து வைத்திருக்கிறார்.

அதை வாங்கி என் ரூபாயின் பக்கத்தில் வைத்தேன். அது புதிதாக வந்த சின்ன ரூபாய். நான் கணக்குப் போட்டதோ என் பையிலிருந்த பழைய பெரிய ரூபாயை வைத்து. அளந்தேன், குறுக்களவில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். காசைப் பெரிதாக எண்ணியதால் எலும்பையும் பெரிதாக எண்ணியிருக்கிறேன்; தண்டு முக்கால் மில்லிமீட்டர் கூடுதல் பருமன். அடித்து இறக்கியிருந்தால் அந்த ஒல்லி எலும்பு பிளந்திருக்கும்.

பாலிஷ் பாக்கி என்று சமாளித்திருக்கலாம். மனசு வரவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கதீஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தடிச்சுத்தான போச்சு? சீவுங்க சார். முடியுற வரைக்கும் இங்கனயே இருக்கேன்."

மிச்சம் ஒன்று

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். வாசலிலிருந்து என் மேஜை வரை கதீஜா எதையும் பிடிக்காமல் நடந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கால் அநேகமாகச் சமமாகிவிட்டது. பாய் செருப்பைக் காட்டினார்; மூன்று பட்டைகளை உரித்திருந்தார். நாலாவது இருந்தாலும் சரி, போனாலும் சரி என்று டாக்டர் சொன்னாராம். பின்னே அதை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். பதில் கதீஜாவிடமிருந்து வந்தது. "மூணை நீங்களும் டாக்டருமா எடுத்துட்டிய. ஒண்ணாவது இவுக ஒட்டுனதா இருக்கட்டும் சார்."

அன்றிலிருந்து பஸ் கண்டக்டர் மீதி ரூபாயை நீட்டினால் பெரிசா சின்னதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், செல்லாத காசு என்று சந்தேகப்படுவதாக நினைத்து அவர் என்னை முறைக்கிறார்.