அண்ணி குறித்துவைத்த வோல்ட் கணக்கு

அய்யம்பேட்டையைத் தாண்டும்போது வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்று, யோசித்து, பிறகு மெல்ல நகர்ந்தது. வெளியே நல்ல மழை. ஐப்பசி மாதத்துக் காலை ஆறரை மணி. இரண்டு பக்கமும் இளம் சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. பக்கத்து இருக்கையில் அண்ணி. ஏழு மணிக்கு அவருக்குத் தஞ்சாவூரில் டயாலிசிஸ்.

அண்ணன் மஸ்கட்டில் இருந்தார். புதனும் சனியும் பாபநாசத்திலிருந்து அண்ணியை அழைத்துப்போவது என் பொறுப்பு. வண்டி அண்ணன் விட்டுப்போனது. பதினைந்து வயதைத் தாண்டிய கார். இரண்டு வாரமாக அதன் பேட்டரி விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாற்றினார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றிச் சரிபார்த்தார். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும், மறுபடியும் அதே கதை. இதையெல்லாம் நான் அண்ணியிடம் சொல்லவில்லை. அன்றும் பேச்சுக் கொடுத்தபடியே, பேட்டரியை மிச்சம் பிடிக்க ஃபேனை அணைத்தேன், ரேடியோவை அணைத்தேன். ஹெட்லைட்டை மட்டும் அந்த மழையில் அணைக்க முடியவில்லை.

முந்தைய மாதம் ஒருமுறை டயாலிசிஸ் தவறியபோது அண்ணி மூச்சுக்குத் திணறியதைப் பார்த்திருக்கிறேன். வண்டி வழியில் நின்றால் என்ன செய்வது என்ற ஒரே கேள்விதான் மனசில் ஓடியது. எப்படியோ போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்கவே கை வரவில்லை. அண்ணி கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த லைட்ட நானும் ரெண்டு வாரமா பாத்துக்கிட்டுதான் வர்றேன் தம்பி. நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லல."

நான் இறங்கிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் இயற்பியல் நடத்தியவர். உடம்பு முடியாமல் வேலையை விட்டிருந்தார். அடுத்த புதன்கிழமை, எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிவந்த, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் அவர் மடியில் இருந்தது. பேட்டரியிலிருந்து இரண்டு நீள வயர்களைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்திருந்தோம். தினமும் எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார் என்று எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வோல்ட்டை வாய்விட்டுச் சொல்லிக் குறித்துக்கொண்டே வந்தார். நேர்ச்சாலையில் பதினாலு, சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்று அர்த்தம். ரயில்வே கேட்டில் தூக்கிப்போட்டதும் பன்னிரண்டரை. மறுபடி பதினாலு. ஹெட்லைட் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கியபோது பன்னிரண்டு. எண் விழும்போதெல்லாம் நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் குரல் மட்டும் மாறவே இல்லை.

திரும்பி வரும் வழியில், சிகிச்சை முடிந்த களைப்போடு, எலக்ட்ரீஷியன் கடை வாசலில் அந்தப் பக்கத்தை நீட்டினார். "டைனமோ கெட்டிருந்தா நேர்ரோட்டுலயும் விழணும்ல? குலுங்குறப்பதான் விழுது. எங்கயோ ஒரு வயரு சரியா பிடிக்கல. பாருங்க."

எலக்ட்ரீஷியன் மறுப்புச் சொல்லாமல் பானெட்டைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்தார். அங்கே எதுவும் காட்டக் கூடாதாம். ஏறக்குறைய ஒரு வோல்ட் காட்டியது. எஞ்சினை அணைத்துவிட்டு அதன் அடியில் கைவிட்டு, அதைப் பேட்டரியோடு இணைக்கும் எர்த் வயரைப் பிடித்து இழுத்தார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. வெளியே கறுப்பு உறை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்து இற்றுப்போயிருந்தது. அவர் அண்ணியை நிமிர்ந்து பார்த்து, "டீச்சர் சொன்னதுதான்" என்றபடியே புது வயரை மாட்டினார்.

சனிக்கிழமையும் மழை. மீட்டரை இன்னும் கழற்றவில்லை. ரயில்வே கேட்டில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகவே ஏற்றி இறக்கினேன். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஓடியும் பதினாலிலிருந்து அசையவில்லை. சொல்லலாம் என்று திரும்பினேன். அண்ணி தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து அவர் வண்டியில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. என்னைத் தனியாகப் பயப்பட விடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் விழித்திருந்தாரோ என்று அப்போதுதான் தோன்றியது.

இப்போது அண்ணன் ஊரோடு வந்துவிட்டார், அவர்தான் ஓட்டுகிறார். புதனும் சனியும் எனக்கு இன்னும் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகும், போய்ச் சேர்ந்தோம் என்று அண்ணி போன் செய்யும்வரை நான் படுக்கையை விட்டு எழுவதில்லை.